டென்ஷனும் மன அழுத்தமும்: எங்கே குழப்பம்?

தமிழில் தினமும் புழங்கும் ஆங்கிலச் சொற்களில் ‘டென்ஷன்’ ஒன்று. ஆனால் நாம் அதைச் சொல்லும் விதத்தில் சொன்னால், இங்கிலாந்துக்காரர் ஒருவருக்குப் பாதிக்கு மேல் புரியாது. சொல்லைத்தான் கடன் வாங்கினோம், இலக்கணம் நம்முடையது. கூட வரும் சொல்லைப் பாருங்க:

‘டென்ஷன் ஆயிட்டார்’ என்றால் கோபப்பட்டார்.
‘டென்ஷன் பண்றான்’ என்றால் எரிச்சலூட்டுகிறான்.
‘டென்ஷனா இருக்கு’ என்றால் கவலை, பயம், பதற்றம்.
‘டென்ஷன் பார்ட்டி’ என்றால் முன்கோபி.

ஆங்கிலத்தில் டென்ஷன் என்பது பெரும்பாலும் இறுக்கம். இரு நாடுகளுக்கு நடுவே இருக்கும், ஒரு கூட்டத்தில் இருக்கும், கழுத்துத் தசையில் இருக்கும். ஒருவர் இன்னொருவர் மேல் ‘டென்ஷன் ஆவது’ அங்கே கிடையாது.

இதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் தொண்டாமுத்தூர் பக்கம் மலையிலிருந்து யானை இறங்கினால், ‘ராத்திரியெல்லாம் ஒரே டென்ஷனுங்க’ என்பார்கள். பயந்துட்டேன் என்று சொல்ல மனசு வராத ஆம்பளைக்கு இந்த ஒரு சொல் எவ்வளவு வசதி! பயத்தையும் கோபத்தையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளலாம், யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். கொங்குத் தமிழில் ஏற்கெனவே ‘வெசனம்’ இருக்கிறது. ஆனால் வெசனத்தில் துக்கமும் கவலையும் உண்டு, கோபம் இல்லை. ‘வெசனப்படாதீங்க’ என்பது ஆறுதல். ‘டென்ஷன் ஆகாதீங்க’ என்பது பல நேரம் ‘கொஞ்சம் பேசாம இருங்க’ என்பதற்கு மரியாதையான வடிவம்.

இது தமிழில் மட்டும் நடக்கவில்லை. லெஸ்லி ஜோ வீவர் என்ற மானுடவியலாளர் வட இந்தியப் பெண்கள் சொல்லும் ‘டென்ஷன்’ பற்றியே 2017-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். மக்கள் தங்கள் அவஸ்தையை வெளியே சொல்லப் பிடித்துக்கொண்ட ஒரு வழக்காக அந்தச் சொல்லை அவர் பார்க்கிறார். ஆக, பேச்சு வழக்கு தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. என் விமர்சனம் எழுத்துத் தமிழின் மேல்.

டென்ஷனுக்கு மூலம் ‘இழுத்து நீட்டு’ என்ற பொருள் கொண்ட லத்தீன் வினை. நம் இயற்பியல் பாடப்புத்தகம் அதைப் புரிந்துகொண்டு ‘இழுவிசை’ என்று சரியாக வைத்தது. ஆனால் புத்தகத்துக்கு வெளியே வந்ததும் இழுப்பு அழுத்தமாகிவிட்டது. ஹை டென்ஷன் லைன் ‘உயர் அழுத்த மின்பாதை’, ஹைப்பர்டென்ஷன் ‘உயர் இரத்த அழுத்தம்’, மனசில் இருக்கும் டென்ஷன் ‘மன அழுத்தம்’.

முதல் இரண்டிலும் தமிழ்தான் மேல். மின்சாரத்தில் நாம் சொல்ல வருவது வோல்டேஜை, அதற்கு ‘மின்னழுத்தம்’ நல்ல சொல். ரத்தக் குழாயில் இருப்பதும் அழுத்தமேதான். ஆங்கிலப் பெயர்தான் ஆளைக் குழப்புகிறது. ஹைப்பர்டென்ஷன் என்றால் மனசில் டென்ஷன் அதிகம் என்று அமெரிக்க நோயாளிகளே புரிந்துகொண்டதை டான் ப்ளூம்ஹேகன் 1980-ல் எழுதியிருக்கிறார். ‘நான் டென்ஷனே ஆகறதில்லைங்க, எனக்கு எதுக்கு பிரஷர் மாத்திரை?’ என்று இங்கே கேட்பவரின் சிக்கலும் அதுதான். சாந்தமான ஆளுக்கும் பிரஷர் வரும், பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலே இருக்கும்.

மூன்றாவதில்தான் தமிழ் சறுக்குகிறது. ஸ்ட்ரெஸ்ஸும் ‘மன அழுத்தம்’, டென்ஷனும் ‘மன அழுத்தம்’, டிப்ரஷனும் ‘மன அழுத்தம்’. பத்திரிகைகளில், யூடியூபில், மருத்துவக் கேள்வி-பதில்களில் இந்தக் கலப்படம் சர்வ சாதாரணம். ‘மனச்சோர்வு’ என்ற சொல் கையில் இருந்தும் இப்படி.

வெறும் சொல் பிரச்சினை என்று இதை விட முடியாது. ஒரு கம்பியில் எடையைத் தொங்கவிட்டால் நீளும். மீட்சி எல்லையைத் தாண்டாதவரை, எடையை எடுத்தால் பழைய நீளத்துக்கு வந்துவிடும். டெட்லைன் முடிந்ததும் இறங்கிப்போகிற ஸ்ட்ரெஸ் ஏறக்குறைய இப்படிப்பட்டது. டிப்ரஷன் அப்படி இல்லை. சுமை எதுவும் கண்ணுக்குத் தெரியாமலேயே வரலாம். சுமையை இறக்கிய பிறகும் போகாமல் இருக்கலாம். எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டிய நோய் அது. சிகிச்சையும் இருக்கிறது.

இப்போது ‘மன அழுத்தம் போக ஐந்து எளிய வழிகள்’ என்ற கட்டுரையை அப்படிப்பட்ட ஒருவர் படிக்கிறார் என்று வையுங்கள். நடைப்பயிற்சி, பாட்டு, தோட்ட வேலை. ஐந்தையும் செய்து பார்க்கிறார், ஒன்றும் சரியாகவில்லை. எளிய வழியே எனக்கு உதவவில்லையே, நான்தான் உருப்படாதவன் போல என்ற முடிவுக்கு அவர் வருவது சுலபம். அந்தக் கட்டுரை அவருக்கானதே அல்ல என்பதைத் தலைப்பிலிருந்த சொல் மறைத்துவிட்டது.

எழுதுகிறவர்கள் டிப்ரஷனுக்கு மனச்சோர்வு, ஆங்ஸைட்டிக்குப் பதற்றம், ஸ்ட்ரெஸ்ஸுக்கு மட்டும் மன அழுத்தம் என்று பிரித்து எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும். பேசுகிறவர்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண்ணில் (14416) தமிழிலேயே பேசலாம். அங்கே ‘டென்ஷனா இருக்குங்க’ என்று ஆரம்பித்தாலே போதும்.

பக்கத்தில் இருக்கிற நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒருவர் டென்ஷன் என்றால், ‘ஆகாதீங்க’ என்று உடனே மூடிவிட வேண்டாம். கோபமா, பயமா, வெசனமா என்று கேளுங்க. எத்தனை நாளா இப்படி இருக்குன்னும் கேளுங்க.