துப்பாக்கி கோரி ஒரு மனு

கோரிப்பாளையம் தேவர் சிலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே வைத்துத்தான் அந்தத் தம்பி என்னைப் பிடித்தார். செல்போன் ரிப்பேர் பார்ப்பவர். மிச்ச நேரத்தில் கண்மாய் ஆக்கிரமிப்பு, வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவாகப் போட்டுத் தள்ளுகிறவர்.

“அண்ணே, நீங்க பி.காம். படிச்சவுக. இதைக் கொஞ்சம் நிரப்பிக் குடுங்க.”

வருமான வரி சமாசாரமாக இருக்கும் என்று வாங்கினால்... துப்பாக்கி லைசென்ஸுக்கான விண்ணப்பம்!

“எதுக்குப்பா இது?”

“ரெண்டு தடவை வீட்டு வாசலுக்கே வந்து சொல்லிட்டுப் போயிட்டாய்ங்கண்ணே. ஸ்டேஷன்ல மனு ரசீது குடுத்தாங்க. அதோட சரி. இடுப்புல ஒண்ணு இருந்தா, வெளிய தெரியாட்டியும் ஒரு தைரியம்தானே? ஆமா, மறைச்சு வெச்சுக்கறதுக்குன்னு தனியா பெர்மிட் வாங்கணுமாமே?”

அது அமெரிக்கக் கதை. அங்கே பல மாநிலங்களில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துப்போக என்றே தனி அனுமதி உண்டு. நம் ஊரில் அப்படிப் பிரிவு கிடையாது. லைசென்ஸ் கிடைத்துவிட்டால், 2016-ம் வருட ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் மறைத்துத்தான் எடுத்துப்போக வேண்டும். உறைக்குள் அல்லது பைக்குள், முழுசாக மூடி, உங்கள் கட்டுப்பாட்டில். வெளியே எடுத்து ஆட்டிக் காட்டினால் குற்றம். கல்யாண ஊர்வலத்தில் அஜாக்கிரதையாக வானத்தைப் பார்த்துச் சுட்டு, அது யார் உயிருக்காவது ஆபத்தானால், 2019 சட்டத் திருத்தப்படி இரண்டு வருடம் வரை ஜெயில் அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சினிமாவில் ஹீரோ முதுகுப்பக்கம் கைவிட்டு உருவும்போது எந்த ஏட்டய்யாவும் லைசென்ஸ் கேட்பதில்லை என்பதால் நமக்கு இதெல்லாம் புதுசாகத் தெரிகிறது.

டீ சொல்லிவிட்டு உட்கார்ந்து, ஒரு புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுகிறவன் மாதிரி அந்தப் படிவத்தை வரிவரியாகப் படித்தேன். உங்கள் போலீஸ் ஸ்டேஷன் எது, மேலே வழக்கு உண்டா, பயிற்சி எடுத்தீர்களா, வீட்டில் எங்கே பத்திரமாக வைப்பீர்கள்? எல்லாம் நியாயமான கேள்விகள். குறை சொல்ல மாட்டேன்.

அப்புறம் வருகிறது அந்தக் கட்டம். ‘லைசென்ஸ் எதற்காகத் தேவை?’

தம்பி பேனாவோடு திணறியது இங்கேதான். சட்டம் என்னவோ பெருந்தன்மையானதுதான். வெள்ளைக்காரன் 1878-ல் போட்ட ஆயுதச் சட்டத்தில் இந்தியனுக்கு லைசென்ஸ், ஐரோப்பியனுக்கு விதிவிலக்கு. சுதந்திர இந்தியா 1959-ல் புதுச் சட்டம் எழுதியபோது, ‘போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் லைசென்ஸ் மறுக்கக் கூடாது’ என்று 14-வது பிரிவில் சேர்த்தது. படித்ததும் எழுந்து நின்று சல்யூட் அடிக்கத் தோன்றும். ஆனால், 2016 விதிகள் யாருக்குக் கொடுக்கலாம் என்று சொல்கிற இடத்தைப் பாருங்கள்: வியாபாரம், தொழில், வேலை ‘அல்லது வேறு வகையில்’ உயிரையோ சொத்தையோ காக்கும் நிஜமான தேவை உள்ளவர், துப்பாக்கி சுடும் வீரர், ராணுவம், போலீஸில் இருப்பவர் அல்லது இருந்தவர். நம்ம தம்பி அந்த ‘வேறு வகையில்’ சந்துக்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைய வேண்டும்.

காமர்ஸ் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சொத்துக்குக் கணக்கு காட்டுவது சுலபம். பேலன்ஸ் ஷீட், வரி கட்டிய ரசீது, பேங்க்கில் கட்டிய பணத்தின் சலான் என்று கத்தையாக இணைத்துவிடலாம். பயத்துக்கு வவுச்சர் ஏது? இரண்டு பேர் பைக்கில் வந்து மிரட்டியதற்கு சாட்சி, கதவோரம் நின்ற அவர் சம்சாரம் மட்டும்தான்.

சரி, கிடைத்தே விட்டாலும்? பெண்கள் பாதுகாப்புக்கு என்று 2014-ல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்று அரைக் கிலோ எடையில் ஒரு ரிவால்வர் கொண்டுவந்தது. அப்போதே விலை 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய் சொச்சம். தம்பி கடையில் எத்தனை டிஸ்ப்ளே மாற்ற வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

நான் துப்பாக்கிக் கட்சி இல்லை. உத்தரப்பிரதேசத்தில் 2016 கடைசியில் இருந்த லைசென்ஸ்கள் 12 லட்சத்து 77 ஆயிரத்துக்கும் மேல். தமிழ்நாட்டில் வெறும் இருபத்திரண்டாயிரத்து சொச்சம். இதில் நாம் பின்தங்கியிருப்பதில் எனக்கு சந்தோஷமே. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரும் எம்.ஆர்.ராதாவும் குண்டடி பட்டார்களே, அவர்கள் என்ன முன்பின் தெரியாதவர்களா? எம்.ஜி.ஆரின் குரல் கடைசிவரை பழையபடி ஆகவில்லை.

நியூயார்க்கில்கூட நூறு வருடத்துக்கு மேலாக ‘எதற்கு வேண்டும்?’ என்று கேட்டுத்தான் கொடுத்தார்கள். அப்படித் தனித் தேவையை நிரூபிக்கச் சொல்வது தப்பு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் சொல்லிவிட்டது. அங்கே துப்பாக்கி அடிப்படை உரிமை. இங்கே அப்படி இல்லை என்று 2023-ல் நம் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. ஆகவே, இங்கே கேள்வி கேட்கட்டும். கேட்டே ஆகவேண்டும். பதிலை வாங்கி என்ன செய்கிறார்கள் என்பதுதான் என் சண்டை.

மதுரைக்காரனுக்கு இது புரியும். 2010-ல் வந்த ‘கோரிப்பாளையம்’ உள்பட எங்கள் ஊர்ப் படங்கள் எல்லாவற்றிலும் ஆயுதம் அரிவாள்தான். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமான கத்திகளுக்கு லைசென்ஸ் கேட்கலாம் என்று ஆயுதச் சட்டம் சொல்கிறது. அதுவும் அரசு அறிவித்த பகுதிகளில் மட்டும். வீட்டு உபயோகம், விவசாயத்துக்கான கருவிகளுக்கு அதிலும் விலக்கு. கதிர் அறுக்கிறவனிடம் போய் லைசென்ஸ் கேட்க முடியுமா? சரிதான்.

மேலவளவு முருகேசன் ஞாபகம் இருக்கிறதா? தனித்தொகுதியாக்கப்பட்ட ஊராட்சியில் தலைவராக ஜெயித்த தலித். 1997 ஜூன் 30 அன்று மதுரை கலெக்டர் அலுவலகத்துக்கு வந்துவிட்டு பஸ்ஸில் திரும்பும் வழியில் அவரையும் கூட இருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். அவர் உயிருக்கு ஆபத்து என்பது ஊருக்கே தெரியும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தக் கொலைக்கு இரண்டு வருடம் முன்பே, 1995-ல் வந்தவை எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்பு விதிகள். வன்கொடுமை நடக்கலாம் என்று கண்டறிந்த பகுதிகளில் மற்றவர்களின் துப்பாக்கி லைசென்ஸை அரசு ரத்து செய்யலாம், தேவைப்பட்டால் எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கு லைசென்ஸ் கொடுக்கலாம் என்று அதன் 3-வது விதி சொல்கிறது. அந்தஸ்தைப் பார்க்காமல் ஆபத்தைப் பார்த்து எழுதிய ஒரே இடம் அதுதான். இத்தனை வருஷமாக கலெக்டர் ஆபீஸ் வராண்டாவில் நடக்கிறேன். அந்த விதியைச் சொல்லி நீட்டிய ஒரு மனுவை நான் பார்த்ததில்லை.

மனு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அப்பீலும் உண்டு. ஆனால், ‘ஆபத்து உண்மைதான், துப்பாக்கிதான் தீர்வில்லை’ என்று ஒரு அதிகாரி நேர்மையாக நினைத்தால், அதை எழுத அந்த ஃபைலில் இடமே இல்லை. மறுத்ததும் கட்டி மேலே போட்டுவிடுவார்கள். ஒரு குடிமகன் ‘என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் அது! அதன் ஒரு நகல் தானாகவே பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்கிற அதிகாரியிடம் போனால் என்ன குடிமுழுகிவிடும்? 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில், அச்சுறுத்தல் பற்றிய அறிக்கையை ஐந்து வேலை நாட்களுக்குள் போலீஸ் தர வேண்டும். வீட்டுக்குக் கேமரா, ரோந்து என்று ஏற்பாடுகளும் உண்டு. ஆனால், அது பெரிய குற்ற வழக்குகளின் சாட்சிகளுக்கு. கண்மாய்க்காக மனுப் போட்ட தம்பி எதற்கும் சாட்சி இல்லை. சாட்சி சொல்ல வேண்டிய குற்றம் இன்னும் நடக்கவில்லையே!

டீ ஆறிப்போயிருந்தது.

“அப்ப என்னண்ணே எழுத?”

“தனித்தாள் இணைக்கப்பட்டுள்ளதுன்னு எழுதுப்பா” என்றேன்.

வந்தவர்கள் எந்தத் தேதி, எத்தனை மணி, பைக் நம்பரில் ஞாபகமிருக்கிற கடைசி இரண்டு எண், ஸ்டேஷனில் தந்த ரசீது எண் எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல ஒன்றரைப் பக்கம் வந்தது. கடைசி வரியில், லைசென்ஸ் தராவிட்டாலும் இதையே பாதுகாப்பு கோரும் மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சேர்த்தோம். கடைக்காரரிடம் நாலு ஜெராக்ஸ் கேட்டேன்.

“அஞ்சாப் போடுங்கண்ணே” என்றார் தம்பி. “ஒண்ணு வீட்ல இருக்கட்டும்.”