சண்டைக்கு முன்னால் சோறு

பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குப் போகக்கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன். செங்கம் சாலையில் இருக்கும் என் தமக்கை வீட்டுத் திண்ணையை விட்டு இறங்க முடியாதபடி கிரிவலக் கூட்டம். வெளியே போக வழியில்லாததால் உள்ளே போனேன். உள்ளே தமக்கையின் பேரன், கல்லூரியில் படிக்கிறவன், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் யுத்தத்துக்குத் திட்டம் எழுதிக்கொண்டிருந்தான்.

விளையாட்டையெல்லாம் விமரிசனம் செய்வதா என்று சில வாசகர்கள் முகம் சுளிக்கலாம். நாவல் என்ற சரக்கு நம் நாட்டுக்கு வந்தபோது பெரியவர்கள் இப்படித்தான் முகம் சுளித்தார்கள். கதை சொல்லுகிற எதுவும் விமரிசகனுக்கு உரியது என்பது என் அபிப்பிராயம். இந்த ஆட்டம் கதை சொல்லுகிறது. அதுவும் சரித்திரக் கதை.

ஆட்டத்தின் பெயர் ‘ஏஜ் ஆஃப் எம்பையர்ஸ்’, இரண்டாம் பாகம். 1999-ல் முதலில் வந்தது; 2019-ல் புதுப்பித்து வெளியிட்டார்கள். 2022-ல் இந்திய வம்சங்களைச் சேர்த்தபோது ‘திராவிடர்’ என்று ஒரு கூட்டத்தாரும் அதில் இடம் பெற்றார்கள். ராஜேந்திர சோழனின் கதையும் அத்துடன் வந்தது. பையன் எப்போதும் திராவிடர் பக்கம்தான் ஆடுவானாம். ஆட்கள் தமிழில் பேசுகிறார்கள் என்பது அவனுக்குப் பெருமை.

சதுரங்கத்தில் ஒருவர் காய் நகர்த்தும் வரை மற்றவர் காத்திருப்பார். இதில் அந்த மரியாதை கிடையாது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஆடுகிறார்கள். கடிகாரம் யாருக்காகவும் நிற்பதில்லை. ஆரம்பத்தில் நடு ஊரில் ஒரு கட்டடம், மூன்று குடியானவர்கள், குதிரையேறிய வேவுக்காரன் ஒருவன், 200 பங்கு உணவு, 200 பங்கு மரம், கொஞ்சம் பொன், கொஞ்சம் கல். அவ்வளவுதான் சாம்ராஜ்யம். சுற்றிலும் இருட்டு. வேவுக்காரன் போகப் போகத்தான் பூமி கண்ணுக்குத் தெரியும்.

பையனின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். யுத்தத் திட்டம் என்றால் வியூகம், அம்பு, யானை என்று ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மளிகைக் கணக்கு மாதிரி இருந்தது. முதல் ஆறு பேர் ஆடு அறுக்க. அடுத்த நாலு பேர் விறகு வெட்ட. ஒருவன் போய்க் காட்டுப் பன்றியை இழுத்து வரவேண்டும். அப்புறம் வருகிறவர்கள் பழம் பறிக்க. படைவீடு கட்ட 175 மரம். ஒரு காலாளுக்கு 60 உணவு, 20 பொன். மூன்று காலாட்கள் ஏழெட்டு நிமிஷத்துக்குள் எதிரி வாசலில் நிற்க வேண்டும். இதுதான் ‘சீக்கிரத் தாக்குதல்’.

“மூணு பேரை வெச்சுக்கிட்டு ஊரைப் பிடிச்சுடுவியாடா?” என்று கேட்டேன்.

“பிடிக்க முடியாது தாத்தா. ஜெயிக்கிறதுக்காகப் போகலை. அவன் ஆளுங்களை வேலை செய்ய விடக்கூடாது. விறகு வெட்டறதைப் போட்டுட்டு ஓடணும். அவ்வளவுதான்.”

இந்தப் பதில் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. ஒரு புதுக் குடியானவனைச் சேர்க்க 50 உணவும் 25 விநாடியும் ஆகிறது. அடுத்த யுகத்துக்குப் போக 500 உணவு வேண்டும். மூன்று காலாட்களுக்குப் போகிற 180 உணவு தன் ஊர் ஜனங்களின் வாயிலிருந்து எடுத்தது. எதிரிக்கு அதைவிட அதிகமாக நஷ்டம் உண்டாக்கினால் தாக்குதல் சரி. இல்லாவிட்டால் வீரம் முழுவதும் வீண். எத்தனை தலை விழுந்தது என்பது கணக்கில்லை, எத்தனை பேர் எத்தனை நேரம் சும்மா நின்றார்கள் என்பதுதான் கணக்கு.

நம் சரித்திர நாவல்களில் இந்தக் கணக்கை எங்கேயாவது பார்த்ததுண்டா? கதாநாயகன் குதிரைமேல் வருகிறான். குதிரை என்ன தின்றது என்று யாரும் கேட்பதில்லை. முப்பதாயிரம் பேர் கோட்டையை முற்றுகையிடுகிறார்கள். அவர்களுக்கு யார் உலை வைத்தது என்று ஆசிரியர் சொல்வதில்லை. பிறரைக் குறை சொல்வானேன்? நானே ஒரு முற்றுகையைத் தொடர்கதையில் ஐந்து வாரம் நடத்தியிருக்கிறேன். நிலா இருந்தது, சுரங்கப்பாதை இருந்தது, ஒற்றன் இருந்தான், ஒற்றனுக்கு ஒரு காதலியும் இருந்தாள். ஒரு மூட்டை அரிசி இல்லை. அந்த வகையில், படிக்காமல் விளையாடிக்கொண்டிருக்கிறான் என்று வீட்டார் திட்டுகிற இந்தப் பையனுக்கு, யுத்தத்தைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்திருக்கிறது.

அவன் நோட்டுப் புத்தகம் கற்பனையில்லை என்பதற்கு அத்தாட்சி, அவன் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கூட்டம் நடந்துகொண்டிருந்த செங்கம் சாலை மேற்கே போய்ச் செங்கம் கணவாய்ப் பக்கம் சேருகிறது. 1767-ல் அந்தத் திசையிலிருந்துதான் கர்னல் ஜோசப் ஸ்மித் என்ற கம்பெனித் தளபதி பின்வாங்கித் திருவண்ணாமலைக்கு வந்தான். எதிரே ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் கூட்டாக நின்றார்கள்.

ஹைதர் யுத்தத்தை எப்படி ஆரம்பித்தான் என்பதைக் கவனியுங்கள். கோட்டையைப் பார்த்துப் பீரங்கி வெடித்து ஆரம்பிக்கவில்லை. ஆகஸ்டுக் கடைசியில் அவனுடைய குதிரைப்படை மலையிலிருந்து இறங்கி வந்து, ஸ்மித்தின் படைக்கென்று மேய்ந்துகொண்டிருந்த மாடுகளை ஓட்டிக்கொண்டு போயிற்று. மாடில்லாவிட்டால் வண்டியில்லை, வண்டியில்லாவிட்டால் அரிசியும் நகராது, பீரங்கியும் நகராது. பையனிடம் இதைச் சொன்னேன். “நாங்களும் எதிரியோட ஆட்டைத்தான் முதல்ல திருடுவோம் தாத்தா” என்றான்.

செப்டம்பர் 3-ம் தேதி செங்கத்தில் சண்டை. ஸ்மித் எதிரிகளைத் தடுத்துவிட்டான். ஆனால் சாப்பாடு இல்லை. திருவண்ணாமலைக்குப் போனால் அரிசி இருக்கும் என்று நம்பி வந்தான். வந்து பார்த்தால் அரிசியும் இல்லை, திருச்சிராப்பள்ளியிலிருந்து வரவேண்டிய கர்னல் வுட்டின் படையும் இல்லை. தெற்கே போய் வுட்டைச் சந்தித்துச் சேர்த்துக்கொண்டு திரும்பினான். செப்டம்பர் 26-ம் தேதி இந்த ஊருக்குப் பக்கத்தில் பெரிய சண்டை நடந்தது. ஸ்மித்திடம் சுமார் 10,000 பேர். எதிர்ப்பக்கம் அதைப்போல் பல மடங்கு. ஆனாலும் கூட்டுப்படை தோற்றது.

அதே சமயத்தில் பதினேழு வயதுகூட நிரம்பாத திப்பு, குதிரைப்படையோடு சென்னைப் பட்டணத்தின் சுற்றுப்புறம் வரை போய்ச் சூறையாடிக்கொண்டிருந்தான். பட்டணத்தைப் பிடிப்பது அவன் நோக்கமாக இருந்திருக்க முடியாது. என் தமக்கை பேரனின் பாஷையில் சொன்னால், வேலை செய்ய விடாமல் பண்ணப் போனான். திருவண்ணாமலைத் தோல்வியின் செய்தி கேட்டதும் திரும்பிவிட்டான். 1768 பிப்ரவரியில் நிஜாம் கம்பெனியோடு தனியாகச் சமாதானம் செய்துகொண்டான். ஹைதர் மட்டும் பாடத்தை மறக்கவில்லை. 1769-ல் பெரிய படையைப் பின்னால் விட்டுவிட்டுச் சுமார் 6,000 குதிரைவீரர்களோடு சென்னை வாசலில் திடீரென்று வந்து நின்றான். அந்த ஏப்ரலில் கம்பெனியார் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஆகவே ஆட்டம் சொல்லுகிற சரித்திரம் பொய்யில்லை. ஆடு, மாடு, விறகு, அரிசி என்று அது சரியான இடத்தில் ஆரம்பிக்கிறது. இவ்வளவும் புகழ்ச்சி. இனி என் குறை.

அன்று பையன் தோற்றுப்போனான். அவன் காலாட்கள் போய்ச் சேருவதற்குள் எதிரி மரவேலி போட்டு வாசலை அடைத்துவிட்டான். மூன்று பேரும் வேலியைச் சுற்றி அலைந்து செத்தார்கள். பையன் கோபித்துக்கொள்ளவில்லை. ஆட்டம் முழுவதும் பதிவாகியிருக்குமாம். அதைத் திரும்பப் போட்டுப் பார்த்தான். முதலில் தன் பக்கத்திலிருந்து பார்த்தான். பிறகு எதிரியின் பக்கத்திலிருந்து பார்த்தான். எதிரி எப்போது தன்னைக் கண்டுகொண்டான், எப்போது வேலி போட்டான் என்பதெல்லாம் அதில் தெரிந்தது. பிறகு நோட்டுப் புத்தகத்தில் எழுதினான்: ‘இரண்டாவது ஆடு கிடைத்தது தாமதம்.’ தோல்விக்கு இவ்வளவு நேர்மையாகக் காரணம் எழுதிவைக்கிற வழக்கம் எழுத்தாளர்களிடம் இல்லை. நாங்கள் வாசகர்களின் ரசனையைக் குறை சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுவோம்.

“மூணாவது பக்கம் ஒண்ணு இருக்கே, அதைப் போடேன்” என்றேன்.

“மூணாவது ஆளே இல்லையே தாத்தா?”

“பழம் பறிச்சுக்கிட்டு இருந்தானே, அவன் பக்கம்.”

அவன் சிரித்தான். அதற்குப் பொத்தான் இல்லை.

அந்தக் குடியானவன் சொன்ன வேலையைச் சொன்ன விநாடியில் செய்கிறான். ‘விறகு வெட்டு’ என்றால் வெட்டுகிறான். ‘பன்றி முன்னால் போய் நில்’ என்றால் நிற்கிறான். தமிழில் பதில் சொல்லிவிட்டுப் போகிறான் என்று பையன் சந்தோஷப்படுகிறான். எனக்கு அந்த இடத்தில்தான் நம்பிக்கை போய்விட்டது. எந்த ஊரில் எந்தத் தமிழ்க் குடியானவன் ஒரு கேள்வி கேட்காமல், ஒரு முணுமுணுப்புக்கூட இல்லாமல் வேலைக்குப் போயிருக்கிறான்? விளைந்ததையெல்லாம் நடு ஊருக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிறான். தன் வீட்டுக்கென்று ஒரு பிடி வைத்துக்கொள்வதில்லை. அவனுக்கு வீட்டிலே பெண்டு பிள்ளை இருப்பதாகவே ஆட்டத்துக்குத் தெரியாது.

1767-ல் ஸ்மித் வந்தபோது திருவண்ணாமலையில் அரிசி இல்லை என்று சரித்திரம் எழுதிவைத்திருக்கிறது. ஏன் இல்லை? தளபதிகள் பக்கமிருந்து பார்த்தால், வருமென்று சொன்ன அரிசி வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் படை வருகிறது என்று தெரிந்தால் தானியத்தைக் குழி வெட்டிப் புதைத்துவிட்டு, மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவது அந்நாளில் நம் நாட்டு ஜனங்களின் வழக்கம். வருகிறவன் கம்பெனிக்காரனா, மைசூர்க்காரனா, நவாபின் ஆளா என்று அவர்கள் பார்க்கவில்லை. எல்லோருக்கும் வயிறு ஒன்றுதான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படிப் புதைத்தவன் ஒருவனாவது இருந்திருப்பான் என்று நான் நினைக்கிறேன். ஸ்மித்தின் படையைப் பட்டினியோடு தெற்கே திருப்பிவிட்டதில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு. அவன் கத்தி எடுக்கவில்லை, திட்டம் போடவுமில்லை. இல்லையென்று கையை விரித்தான்.

அவனை ஆட்டத்தில் சேர்த்தால் ஆட்டம் நடக்காது. கட்டளைக்குப் பணியாத காயை வைத்துக்கொண்டு யார் ஆடுவார்கள்? ஆகவே ஆட்டம் செய்தவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்களுடைய கலையின் எல்லை அது. நாவலுக்கு அந்த எல்லை கிடையாது. பணியாதவனைப் பற்றி எழுதுவதற்குத்தான் நாவல் இருக்கிறது. அப்படியிருந்தும் நம் சரித்திர நாவல்களிலும் அவன் இல்லை. நாங்கள் எழுதிய குடியானவர்களும் ராஜா வரும்போது கோஷம் போட்டுவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் காணாமல் போகிறவர்கள்தான். பொத்தான் இல்லாததற்கு ஆட்டக்காரர்கள் சமாதானம் சொல்லலாம். எங்களுக்கு என்ன சமாதானம் இருக்கிறது?

தமக்கை சாப்பிடக் கூப்பிட்டாள். இலையில் உட்கார்ந்ததும், “நம்ம பாட்டி வீட்டிலே நெல் எங்கேக்கா இருக்கும்?” என்று கேட்டேன்.

“கூடத்துக் குதிர்லதான். நீதான் ஏறி விழுந்து மண்டையை உடைச்சுக்கிட்டியே?” என்றாள். சாதம் போட்டுக்கொண்டே, கொஞ்சம் நினைத்துப் பார்த்து, “ஆனா விதை நெல்லை எங்கே வெச்சிருந்தான்னு கடைசி வரைக்கும் யாருக்கும் சொன்னதில்லை” என்றாள்.