தரவு அறிவியல்: புள்ளியியலாளர்களின் புகார் எவ்வளவு நியாயம்?

2008 வாக்கில் லிங்க்ட்இன்னில் டி.ஜே. பாட்டீலும் ஃபேஸ்புக்கில் ஜெஃப் ஹாமர்பாக்கரும் தங்கள் குழுவினருக்குப் பதவிப் பெயர் தேடி, ‘டேட்டா சயின்டிஸ்ட்’ என்பதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2012 அக்டோபரில், 21ஆம் நூற்றாண்டின் மிகக் கவர்ச்சியான வேலை இதுதான் என்று ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் ஒரு கட்டுரை வந்தது. எழுதிய இருவரில் ஒருவர் அதே பாட்டீல். பெயர் சூட்டியவரே புகழும் பாடினால் அக்கம்பக்கத்தாருக்கு உறுத்தத்தானே செய்யும்? மறு ஆண்டே தேர்தல் கணிப்பாளர் நேட் சில்வர், இது புள்ளியியலாளருக்குப் பூசிய கவர்ச்சிச் சாயம் என்ற பொருளில் பேசினார். அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் அன்றைய தலைவர் மேரி டேவிடியன், அந்த அறிவியலே நாம்தானே என்று கேட்டு எழுதினார்.

இந்தப் புகாரில் இரண்டு இழைகள் முறுக்கிக் கிடக்கின்றன. எங்கள் வேலைக்கு வேறு யாரோ பெயர் வைத்துக்கொண்டார்கள் என்பது ஒன்று. தரவு எப்படி வந்தது என்று கேட்காமலே முடிவு சொல்கிறார்கள் என்பது மற்றொன்று. முதல் இழையில் எனக்கு அவ்வளவாக அனுதாபம் இல்லை.

தரவுப் பகுப்பாய்வைக் கணிதத் தேற்றங்களுக்குள் அடைத்துவிடாதீர்கள் என்று புள்ளியியலாளர் ஜான் டூக்கி 1962லேயே எழுதிவிட்டார். 2001இல் இன்னொரு புள்ளியியலாளரான லியோ பிரெய்மன் இன்னும் கடுமையாகச் சொன்னார்: புள்ளியியலாளர்களில் 98 சதவீதத்தினர் தரவு இப்படித்தான் உருவாகியிருக்கும் என்று முன்கூட்டியே ஒரு மாடலை வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள், கணிப்பு பலித்ததா என்று பார்க்கும் கணிநிரல் வழியில் 2 சதவீதத்தினரே இருக்கிறார்கள். அது அவருடைய மதிப்பீடுதான். எண்ணிப் பார்த்த கணக்கல்ல. ஆனாலும் அந்தக் கட்டுரையோடு சேர்த்தே அச்சான மறுமொழிகளில் டேவிட் காக்ஸ், பிராட்லி எஃப்ரான் போன்ற பெரியவர்கள் காட்டிய தயக்கத்தைப் படித்தால், அவர் யாரைப் பார்த்துப் பேசினார் என்று விளங்கும். காலியாகக் கிடந்த இடத்தில் கணினித்துறையார் வந்து உட்கார்ந்தார்கள். (எஸ், ஆர் என்ற கணினி மொழிகளைத் தந்தவர்களும் புள்ளியியலாளர்களே. ஆக, திறமைக்குப் பஞ்சமில்லை.) சுயவிளம்பரம் ஒரு பக்கத்துச் சரக்கும் அல்ல. புள்ளியியலையே ‘தரவு அறிவியல்’ என்று அழைக்கலாமே என்று மிச்சிகனில் 1997லேயே சொன்னவர் ஜெஃப் வூ என்ற புள்ளியியலாளர். யேல் பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் துறை 2017இல் ‘தரவு அறிவியல்’ என்பதையும் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டது.

இரண்டாவது இழை வலுவானது. 2008இல் தொடங்கிய கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ், மக்கள் தேடும் சொற்களை வைத்தே ஃப்ளூ காய்ச்சல் பரவலை அரசுக்கு முன்பாகச் சொல்லிவிடுவோம் என்றது. 5 கோடித் தேடல்களைச் சலித்து 45ஐ எடுத்தார்கள். ஒத்துப் பார்க்க இருந்த தரவுப் புள்ளிகளோ ஆயிரத்துச் சொச்சம். அப்படிச் சலித்தால், குளிர்காலத்தில் காய்ச்சலோடு சேர்ந்தே ஏறுகிற பள்ளிக் கூடைப்பந்துத் தேடலும் பொருந்தத்தான் செய்யும். 2011 ஆகஸ்டிலிருந்து 108 வாரங்களில் 100 வாரம் மிகையாகவே கணித்தது என்று 2014இல் சயன்ஸ் இதழில் லேசர் என்ற ஆய்வாளரின் குழுவினர் காட்டினார்கள். அரசின் மூன்று வாரப் பழைய எண்களே அதைவிட நன்றாகக் கணித்தன. அதே கட்டுரை, இரண்டையும் சேர்த்தால் தனித்தனியாக இருப்பதைவிட நல்ல விடை கிடைக்கிறது என்றும் காட்டியது. சந்தேகக்காரர்கள் இந்தப் பாதியை மேற்கோள் காட்டுவது அரிது.

புகார் சொல்பவரையே இடிக்கும் கதையும் உண்டு. 2021இல் அமெரிக்கர்களில் எத்தனை பேர் கோவிட் தடுப்பூசி போட்டார்கள் என்று ஃபேஸ்புக் வழியாக வாரம் ஏறக்குறைய 2,50,000 பேரிடம் கேட்டார்கள். மே மாத வாக்கில் விடை உண்மையைவிட 17 சதவீதப் புள்ளி கூடுதலாக இருந்தது. கல்வி, இனம் ஆகியவற்றுக்கேற்ப எடையிடவில்லை என்பது காரணங்களுள் ஒன்று. ஆயிரம் பேரை மட்டும் கேட்ட ஆக்சியோஸ்-இப்சாஸ் கணிப்பு இதைவிட உண்மையை நெருங்கியது. ஒரு கட்டத்தில் அந்த இரண்டரை லட்சம் பதில்களின் மதிப்பு, குலுக்கலில் எடுத்த 10 பேரின் பதிலுக்குத்தான் சமம் என்று நேச்சர் இதழில் ஷியாவ்-லி மெங் உள்ளிட்டோர் கணக்கிட்டார்கள். ஆனால் அந்த ஃபேஸ்புக் கணிப்பை நடத்திய கார்னகி மெலன் பல்கலைக்கழகக் குழுவில் புள்ளியியலாளர்கள் இருந்தார்கள். அதே ஆய்வில் 14 புள்ளி கூடுதலாகச் சொல்லி அகப்பட்ட இன்னொரு கணிப்பு, அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகத்தினுடையது. கூறெடுப்பின் தாய்வீடே அதுதான்! எண்ணிக்கை பெருகினால் பிழை தானாகக் கரைந்துவிடும் என்ற மயக்கத்துக்குத் துறை வேறுபாடு இல்லை.

தரவு அறிவியலின் மெய்யான பலம் ஒரு பழக்கத்தில் இருக்கிறது. தரவில் ஒரு பகுதியை ஒளித்து வைத்து, மாடல் பார்த்தே இராத அந்தப் பகுதியில் அதைச் சோதிப்பது. படப் பரிந்துரைகளை மேம்படுத்துவோருக்கு நெட்ஃபிளிக்ஸ் 2006இல் 10 லட்சம் டாலர் பரிசை அறிவித்தபோது, யார் பேராசிரியர், யார் மாணவர் என்று அந்தச் சோதனை பார்க்கவில்லை. புள்ளியியல் ஆய்விதழ்களில் இவ்வளவு ஈவிரக்கமற்ற தேர்வு அபூர்வம். ஆனால் ஒளித்து வைத்ததும் அதே பானைச் சோறுதான். அந்தப் பருக்கை வெந்திருப்பது அடுத்த வீட்டுப் பானையைப் பற்றி எதையும் சொல்லாது.

மருத்துவமனை மென்பொருள் தயாரிக்கும் எபிக் நிறுவனத்தின் செப்சிஸ் (தொற்று முற்றி உறுப்புகளைப் பாதிக்கும் உயிராபத்து நிலை) எச்சரிக்கைக் கருவியில் இது உயிர்ப் பிரச்சினையானது. நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் அது ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பது வணிக ரகசியமாக இருந்தது. செப்சிஸுக்கு ஆளாகப்போகிறவரையும் மற்றவரையும் பிரித்தறியும் திறனுக்கு நிறுவனம் சொன்ன மதிப்பெண் 0.76 முதல் 0.83 வரை. முழுச் சரி என்றால் 1. நாணயம் சுண்டிச் சொன்னால் 0.5. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனை தன் நோயாளிகளிடம் பார்த்தபோது கிடைத்தது 0.63. செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதத்தினரைக் கருவி தவறவிட்டிருந்தது. 2021இல் அந்த முடிவு வெளியானது. அடுத்த ஆண்டு நிறுவனம் கருவியைத் திருத்தியமைத்து, ஒவ்வொரு மருத்துவமனையும் பயன்படுத்தும் முன் தன் சொந்த நோயாளிகளின் தரவைக் கொண்டு அதைப் பயிற்றுவிக்கும்படி பரிந்துரைத்தது.