சிறு பதிப்பகமும் மொழிப் பதிவும்: ‘கோவேறு கழுதைகள்’ நாவலை முன்வைத்து

தமிழில் வழக்கத்திற்கு மாறான கவிதைக்கும் புனைகதைக்கும் முதலில் இடமளித்தவை பெரும்பாலும் சிற்றிதழ்களும் சிறு பதிப்பகங்களுமே. சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழும், 1962இல் வெளிவந்த ‘புதுக்குரல்கள்’ புதுக்கவிதைத் தொகுப்பும் இதற்குத் தக்க சான்றுகள். எனினும் இவ்வரலாறு பெரிதும் இலக்கிய இயக்கங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இப்பதிப்பகங்கள் மொழியின் எப்பகுதிகளை எழுத்தில் பதிவுசெய்தன என்னும் வினா தனித்து ஆராயத்தக்கது. 1974இல் சென்னையில் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய க்ரியா பதிப்பகத்தையும், அது 1994இல் வெளியிட்ட இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவலையும் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை அணுகுகிறது.

ஒரு பதிப்பகம், இரு பணிகள்

சி. மணியின் ‘வரும் போகும்’ கவிதைத் தொகுதியும் ந. முத்துசாமியின் ‘நாற்காலிக்காரர்’ நாடகமும் க்ரியாவின் தொடக்ககால வெளியீடுகள். பின்னர், ஆங்கிலத்தின் வழியாக அன்றிப் பிரெஞ்சிலிருந்து நேரடியாக வெ. ஸ்ரீராம் மொழிபெயர்த்த காம்யுவின் ‘அந்நியன்’ வெளிவந்தது. இவ்வெளியீடுகளுடன் மற்றொரு பணியும் நடைபெற்றது. மொழியியல் அறிஞர் இ. அண்ணாமலை உள்ளிட்டோரின் பங்களிப்போடு 1992இல் ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ வெளிவந்தது. தற்கால எழுத்தில் சொற்கள் உண்மையில் ஆளப்படும் முறையை அது அடிப்படையாகக் கொண்டது.

இவ்விரு பணிகளும் ஒன்றுக்கொன்று முரண்படுவனபோலத் தோன்றலாம். அகராதி பொது வழக்கை வரையறுக்க முயல்வது; சோதனை இலக்கியமோ அவ்வரையறையைக் கடந்து செல்வது. ஆயின் பொதுத் தமிழின் எல்லையைத் தெளிவாக அறிந்த பதிப்பாசிரியரே, ஒரு படைப்பு அவ்வெல்லையை மீறுவது அறியாமையாலா தேவையாலா என்பதைப் பிரித்தறிய இயலும். வட்டார வழக்கைப் பிழையெனக் கொண்டு திருத்தும் செம்மையாக்கம் இந்நாவலை அழித்திருக்கும். எந்தச் செம்மையாக்கமும் இன்றி வெளியிடுவதும் அதற்கு நன்மை செய்திராது.

நாவலின் மொழி

தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் குடும்பத்தைச் சேர்ந்த ஆரோக்கியம் என்னும் பெண்ணின் வாழ்க்கையே நாவலின் பொருள். வீடுவீடாகப் பெறும் சோறு, களத்தில் கிடைக்கும் தானியம், பிறப்பு இறப்புச் சடங்குகளில் ஆற்றும் பணி ஆகியவற்றோடு அவள் மொழி பின்னிப் பிணைந்துள்ளது. ஒடுக்கப்பட்டோரிடையிலும் நிலவும் ஏற்றத்தாழ்வைக் காட்டியதால் நாவல் விவாதத்திற்கு உள்ளாயிற்று. அவ்வேற்றத்தாழ்வு கதைநிகழ்ச்சிகளில் மட்டுமன்றி உரையாடலின் இலக்கணத்திலும் அமைந்துள்ளது என்பதே மொழியியலார் கருத வேண்டிய செய்தி. பணி பெறுவோர் ஒருமையில் ஏவுகின்றனர். பணி செய்பவள் பணிந்து விளிக்கிறாள். ‘வட்டார வழக்கு’ என்னும் அகராதிக் குறிப்பு ஒரு சொல் எங்கு வழங்குகிறது என்பதைக் கூறும். யார், யாரிடம், எந்நிலையில் கூறுகிறார் என்பதைக் கூறுவதில்லை. அதனை அறிவதற்கு இத்தகைய நூலே சான்றாகிறது.

மொழிபெயர்ப்பில் நேரும் இழப்பு

லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2001இல் ‘பீஸ்ட்ஸ் ஆஃப் பர்டன்’ என்னும் தலைப்பில் வெளிவந்தது. சுமை தாங்கும் விலங்குகள் என்பது அதன் பொருள். அத்தலைப்பு உழைப்பின் பாரத்தை நன்கு உணர்த்துகிறது. ஆனால் தமிழ்த் தலைப்பு வேறு இரண்டையும் உட்கொண்டது. கழுதை என்றவுடன் வெளுப்புத் தொழில் தமிழர் நினைவில் எழும். கோவேறு கழுதையோ குதிரையும் ஆகாத, கழுதையும் ஆகாத, மரபு தொடர இயலாத கலப்பு விலங்கு. தலித் மக்களோடு சேர்ந்து வாழ்ந்தும் அவர்களுள் ஒருத்தியாக ஏற்கப்படாத ஆரோக்கியத்தின் நிலையும், அடுத்த தலைமுறைக்குச் செல்லாது தேயும் அவள் தொழிலும் இவ்வுருவகத்தில் அடங்கியுள்ளன. மேலும், ஆங்கிலத்தின் ஒரே முன்னிலைப் பெயர் தமிழின் ஒருமை, மரியாதைப் பன்மை வேறுபாட்டைத் தானாகத் தாங்காது. மொழிபெயர்ப்பாளர் அதனைத் தொடரமைப்பாலும் விளிச்சொற்களாலுமே ஈடுசெய்ய வேண்டியுள்ளது. இது தனியொருவரின் குறையன்று. இரு மொழிகளின் அமைப்பு வேறுபாட்டால் நேர்வது.

முடிவுரை

சிறு பதிப்பகம் ஒருவரது தேர்வையும் உழைப்பையும் பெரிதும் சார்ந்தது. அதன் வலிமை அதுவே, வரம்பும் அதுவே. அவர் ஏற்றவை நிலைபெறுகின்றன; அவர் பார்வைக்கு எட்டாதவை வேறொரு பதிப்பகத்தை நாட வேண்டியிருக்கிறது. 2020 நவம்பரில் அகராதியின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. அம்மாதமே ராமகிருஷ்ணன் மறைந்தார். இத்தகைய பணியைத் தனிமனிதர் ஒருவரின் ஆயுளோடு மட்டும் பிணைத்துவிட இயலாது. குறைந்த படிகளில் அச்சாகி விரைவில் கிடைக்காமற்போகும் இந்நூல்களை மொழி நிறுவனங்கள் தேடிச் சேர்த்துத் தம் சொற்றொகுதிகளில் இணைத்தல் வேண்டும். அவ்வாறு செய்யாவிடின், ஆரோக்கியம் போன்றோர் பேசிய தமிழை அகராதியிலும் காண இயலாது; மொழிபெயர்ப்பிலும் காண இயலாது.