டப்பாவில் வந்த அமுக்கரா: 30 நாள் தின்று பார்த்தேன்

மூடியைத் திறந்ததும் ஆரஞ்சு வாசனை வந்தது. பள்ளிக்கூட வாசலில் விற்கும் ஆரஞ்சு மிட்டாயின் அதே வாசனை. அமுக்கரா எங்கே என்று மூக்கை உள்ளே விட்டுத் தேடினேன்; அகப்படவில்லை. எங்கள் வீட்டு அடுப்படியில் அமுக்கராப் பொடி டப்பாவை யார் திறந்தாலும் கூடத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். நனைந்த குதிரையின் நெடி அது. அசுவகந்தா என்ற வடமொழிப் பெயரே அந்த நெடியால்தான் வந்தது. அசுவம் என்றால் குதிரை, கந்தம் என்றால் மணம். அந்தக் குதிரையை முழுவதுமாக மறைத்துவிட்டார்கள் என்பதுதான் இந்தக் கம்மீஸ் டப்பாவைப் பற்றி நான் முதலில் குறித்துவைத்த வரி.

கம்மீஸ் என்பது மெல்லும்போது இழுபடும் ஜெல்லி மிட்டாய். ஜெர்மனியின் பான் நகரில் 1920-ல் ஹான்ஸ் ரீகல் தொடங்கிய ஹரிபோ நிறுவனம் கரடி உருவத்தில் செய்து உலகெங்கும் பரப்பிய தின்பண்டம். இன்று அதே மிட்டாய்க்குள் வைட்டமின், தூக்க ஹார்மோனான மெலடோனின், மூலிகைச் சாறு என்று எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் அதிகம் விற்கும் மூலிகைகளில் ஒன்று நம் அமுக்கரா. பெட்டியில் ‘அடாப்டோஜென்’ என்று அச்சிடுகிறார்கள். உடலுக்கு நெருக்கடியைத் தாங்கும் திறனைக் கூட்டும் பொருள் என்று அர்த்தம். சோவியத் விஞ்ஞானி நிக்கொலாய் லாசரேவ் 1947-ல் உருவாக்கிய சொல். சித்த மருத்துவர் இதையே ‘உடல் தேற்றி’ என்று சொல்லிவிட்டுப் போவார்.

சோதனைக்கு இரண்டு டப்பா வாங்கினேன். முதலாவது பழங்களிலிருந்து எடுக்கும் பெக்டினில் செய்தது, சைவத்துக்கான பச்சைப் புள்ளி போட்டது, 60 உருப்படி 599 ரூபாய். இரண்டாவது விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டினில் செய்தது, விலை கொஞ்சம் குறைவு. இரண்டையும் 15 நாள் வீதம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தின்றேன்.

சுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெக்டின் கம்மி பல் பட்டதும் சட்டென்று உடைகிறது, ஹல்வாவின் ஓரத்தைக் கடித்த மாதிரி. ஜெலட்டின் கம்மி ரப்பர் போல இழுக்கிறது. முதலில் இனிப்பு, உடனே எலுமிச்சைப் புளிப்பு. விழுங்கி முடித்த பிறகு நாக்கின் அடியில் மண் கலந்த ஒரு கசப்பு மெல்ல எழுகிறது. அங்கேதான் குதிரை ஒளிந்திருக்கிறது. அரை டம்ளர் தண்ணீர் குடித்தால் அதுவும் போய்விடும். மூலிகையைப் பார்த்தாலே முகம் சுளிப்பவரைக்கூடத் தினமும் தின்னவைத்துவிடும் இந்த வடிவம். அந்தப் பெருமையை அதற்குக் கொடுத்தே ஆகவேண்டும்.

ஆனால் மிட்டாய் மிட்டாயாக நிற்பதற்கு ஒரு விலை உண்டு. பெக்டின் இறுகுவதற்கு இரண்டு நிபந்தனைகள். பாகு கெட்டியாக, முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்டச் சர்க்கரையாக இருக்கவேண்டும், புளிப்பும் வேண்டும். சிட்ரிக் அமிலம் சேர்த்த சிறிது நேரத்தில் பாகு இறுகத் தொடங்கிவிடும். அதற்குள் அச்சில் ஊற்றியாக வேண்டும். மூலிகைச் சாற்றை அதிகம் கொட்டினால் பாகு கெட்டுப்போகும், மிட்டாய் நொறுங்கும், கசப்பு தலைதூக்கும். அதனால் 3 கிராம், 4 கிராம் எடையுள்ள ஒரு கம்மிக்குள் நூறு, நூற்றைம்பது மில்லிகிராம் சாறு ஏற்றுவதே பெரும்பாடு. மாத்திரையில் இந்தச் சிக்கல் இல்லை. கேப்சூலில் முழுக்க மருந்தையே அடைக்கலாம். கம்மீஸில் மருந்து, சர்க்கரை ஓட்டும் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து வரும் பயணி.

ஒன்றை எடுத்துக் கொதிநீரில் போட்டுக் கரைத்துப் பார்த்தேன். ஆரஞ்சு நிறம் முதலில் பிரிந்தது. பத்து நிமிடம் கழித்து டம்ளரின் அடியில் பழுப்பு வண்டல் படிந்தது. முகர்ந்தேன். வந்துவிட்டது குதிரை. உள்ளே ஏதோ மூலிகை இருக்கிறது என்ற அளவுக்கு மனம் ஆறியது. எவ்வளவு என்பதை டம்ளர் சொல்லாது.

அடுத்தது வெயில். இது மதுரை, மே மாதம். இரண்டு டப்பாவையும் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு மதியம் முழுக்க வெளியில் நிறுத்தினேன். நம் ஊரில் கூரியர் பையன் கொண்டுவரும் பெட்டி படும் பாடு அதுதான். பெக்டின் உருண்டைகள் வியர்த்து லேசாக ஒட்டிக்கொண்டன. விரலால் பிரிக்க முடிந்தது. ஜெலட்டின் டப்பாவில் தனித்தனி கம்மீஸ் என்று எதுவுமே மிஞ்சவில்லை. எல்லாம் உருகி ஒரே கட்டி. உடல் சூட்டிலேயே உருகும் பொருள் ஜெலட்டின். நம் கோடை அதைவிடக் கொடியது. ஆறிய பிறகு அந்தக் கட்டியைக் கத்தியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வெட்டிய துண்டில் எத்தனை மில்லிகிராம்? டோஸ் என்ற கணக்கே அந்த மதியத்தோடு கரைந்துபோனது.

உருகுவதற்கு முன்னமே வேறொன்றும் செய்து வைத்திருந்தேன். தெற்காவணி மூல வீதியில் நகைப்பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் போய்ப் பொன் நிறுக்கும் தராசில் பத்துப் பத்தாக நிறுத்தேன். பெக்டின் கம்மீஸ் 3.4 கிராமிலிருந்து 3.7 வரை. பரவாயில்லை. ஜெலட்டின் கம்மீஸ் 2.6-லிருந்து 3.3 வரை ஏறி இறங்கின. பாகு சீராகக் கலந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும் இன்றைக்குத் தின்றதற்கும் நாளைக்குத் தின்பதற்கும் கால் பங்கு வித்தியாசம் வரும். இது சின்ன விஷயமில்லை. அமெரிக்காவில் மெலடோனின் கம்மீஸ் 25 வகைகளை ஆய்வகத்தில் சோதித்து 2023-ல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 22 வகைகளில் லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. 74 சதவீதத்திலிருந்து 347 சதவீதம் வரை இருந்தது. ஒன்றில் மெலடோனினே இல்லை. அது வேறு மருந்துதான். ஆனால் மிட்டாய்க்குள் மருந்தைச் சமமாகப் பங்கிடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது லேபிளுக்கு வருகிறேன். என் கோபம் முழுக்க இங்கேதான்.

முதல் டப்பாவில், ‘2 கம்மீஸில் அசுவகந்தா வேர்ச் சாறு 300 மி.கி., விதனோலைடு 5 சதவீதம்’ என்று இருந்தது. விதனோலைடு என்பது அமுக்கராவின் செயல்படும் வேதிப்பொருள் குடும்பம். 300-ல் 5 சதவீதம் என்றால் 15 மில்லிகிராம். கணக்குப் போட முடிகிறது. இரண்டாம் டப்பாவில் கொட்டை எழுத்தில், ‘அசுவகந்தா 600 மி.கி.’ அவ்வளவுதான். வேரா, இலையா? சாறா, வெறும் பொடியா? சதவீதம் எத்தனை? எதுவும் இல்லை. கடையில் நிற்பவர் 600 பெரிதா 300 பெரிதா என்றுதான் பார்ப்பார். ஆனால் அந்த 600 வெறும் வேர்ப் பொடியாக இருந்தால் அது ஒரு சிட்டிகை. ஆயுர்வேத மருந்து நூல் சொல்லும் பொடியின் அளவு நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம். பெரிய எண் போட்ட டப்பாவில்தான் மருந்து சிறியதாக இருக்கக்கூடும்.

இலை விஷயம் இன்னும் முக்கியம். வேர் விலை கூடியது. செடியின் இலை மலிவு. இலையில் விதஃபெரின் ஏ என்ற பொருள் அதிகம், அதைச் சேர்த்தால் சதவீதக் கணக்கும் எளிதாக ஏறும். நம் மரபில் உள்ளுக்குக் கொடுப்பது வேரைத்தான். 2021 அக்டோபரில் ஆயுஷ் அமைச்சகமே அசுவகந்தா இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது. அப்படியிருக்க ‘வேர்’ என்ற இரண்டெழுத்தை லேபிளில் போட என்ன தயக்கம்?

கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையில் இதைக் காட்டினேன். அண்ணாச்சி கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார். “சரக்கு நீமச் ஊருதா, நாகௌர் ஊருதா? வேர் தடிச்சதா, சன்னமா? ஒடச்சா வெள்ளையா மாவு கொட்டுதா? இதெல்லாம் பாத்துத்தான தம்பி நாங்க வாங்குவோம். இதுல என்னத்தப் பாக்குறது?” என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். 100 கிராம் பொடி 90 ரூபாய். நாளுக்கு 3 கிராம் என்று போட்டால் ஒரு மாதம் வரும். ஒரு நாளுக்கு 3 ரூபாய்கூட ஆகாது. கம்மீஸ் நாளுக்கு இரண்டு தின்றால் 20 ரூபாய்.

அமுக்கரா வேலை செய்கிறதா என்று கேட்டால், மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் ஓரளவு செய்கிறது என்பதற்குச் சிறிய ஆய்வுகள் உண்டு. அதிகம் மேற்கோள் காட்டப்படுவது ஹைதராபாத்தில் 64 பேரிடம் நடத்தி 2012-ல் வெளியானது. காலை 300, இரவு 300 என்று வேர்ச் சாற்றைக் கேப்சூலாக 60 நாள் கொடுத்தார்கள். ரத்தத்தில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் கிட்டத்தட்ட 28 சதவீதம் குறைந்தது. கம்மீஸ் விற்பவர்கள் விளம்பரத்தில் காட்டுவது இந்த மாதிரி முடிவுகளைத்தான். ஆனால் அங்கே கொடுத்தது நாளுக்கு 600. என் முதல் டப்பா தருவது 300. ஆய்வின் அளவை எட்ட நான் 4 கம்மீஸ் தின்னவேண்டும், மாதச் செலவு 1,200 ரூபாய். லேபிள்படி ஒன்றுக்கு 2 கிராம் சர்க்கரை. அதுவும் நாளுக்கு 8 கிராம் ஆகிவிடும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இது வேண்டாத சுமை.

என் அனுபவத்தைக் கேட்டால், இரண்டாம் வாரத்திலிருந்து படுத்ததும் தூக்கம் வந்தது. நடு இரவில் விழிப்பது குறைந்தது. காலையில் ஓர் அரைமணி நேரம் தலை பாரமாக இருந்தது. ஆனால் கம்மீஸ் தின்றதும் பல் துலக்கிவிட்டுப் போனைக் கூடத்திலேயே வைத்துவிட்டுப் படுக்கப் போகும் பழக்கமும் அந்த மாதம்தான் வந்தது. தூக்கத்தைக் கொண்டுவந்தது அமுக்கராவா, போன் பக்கத்தில் இல்லாததா என்று பிரித்துச் சொல்ல ஒரு ஆள் போதாது.

மாதத்தின் நடுவில் நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் இந்த விமர்சனத்தை முடிக்க எனக்கு மனமில்லை.

தங்கை மகளுக்கு நான்கு வயது. விடுமுறைக்கு வந்திருந்தாள். “மாமா, எனக்கும் ஆரஞ்சு மிட்டாய்” என்று கேட்டாள். கொடுக்கவில்லை. மறுநாள் மத்தியானம் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி டப்பாவைக் கையில் எடுத்துவிட்டாள். மூடி சாதாரணத் திருகு மூடி. நல்லவேளை, என் அம்மா பார்த்துவிட்டார். அமுக்கராப் பொடி இருபது வருடமாக அதே அலமாரியில் இருக்கிறது. எந்தக் குழந்தையும் அதைத் தேடி நாற்காலி போட்டதில்லை.

இரண்டாவது, அந்த அம்மாவே. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர். “எனக்கும்தான் தூக்கம் வரல. மிட்டாய்தானேப்பா, ஒண்ணு குடு” என்றார். அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது. மாத்திரையோடு சேர்ந்தால் கணக்குத் தப்பும். தூக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது ஆகாது; கர்ப்பிணிகள் தொடவே கூடாது. கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் சேர்த்து 5 பேருக்கு, தொடங்கி 2 முதல் 12 வாரத்துக்குள் மஞ்சள் காமாலை வந்ததாக 2020-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். அரிதானதுதான், நிறுத்திய பிறகு பெரும்பாலோர் குணமானார்கள். ஆனாலும் டென்மார்க் 2023-ல் அமுக்கராவை விற்கவே தடை போட்டது. உடம்பு அரித்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கவேண்டும். இதில் ஒரு வரிகூட என் இரண்டாம் டப்பாவில் இல்லை. முதல் டப்பாவில் எறும்பு எழுத்தில் ‘மருத்துவரை அணுகவும்’ என்று மட்டும் இருந்தது.

சர்க்கரையை மட்டும் வைத்துக் கம்மீஸைத் திட்டுவது நியாயமில்லை என்பதையும் சொல்லவேண்டும். சித்த மருத்துவத்தின் அமுக்கராச் சூரணத்தில் கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று ஒவ்வொன்றும் முன்னதற்கு இரட்டிப்பாக ஏறும். பாதிக்குப் பாதி சர்க்கரைதான். லேகியம் என்பதும் வெல்லப்பாகில் கிண்டிய மருந்துதானே. கசப்பை இனிப்பில் பொதிவது நம் வைத்தியர்களுக்குத் தெரியாத வித்தையில்லை. ஆனால் லேகியம் நாக்கில் பட்டதும் சுக்கும் திப்பிலியும் காறும்; இது மருந்து என்று உடம்புக்கே தெரியும், இன்னொரு உருண்டைக்குக் கை நீளாது. பொடியைப் பாலில் கலக்கிக் குடிக்கும்போதும் அப்படித்தான். இந்த டப்பாவில் அந்தக் காவலை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் எதையும் வைக்கவில்லை.

உருகிய கட்டியைக் குப்பையில் போட்டுவிட்டேன். பெக்டின் டப்பாவில் மீந்ததை அம்மாவின் மாத்திரைப் பெட்டியோடு பரணில் ஏற்றியாயிற்று; இன்னொரு டப்பா வாங்கப்போவதில்லை. பொடியின் நெடி ஒத்துக்கொள்ளாதவர், வெளியூர் அலையும் வேலையில் இருப்பவர், ஏற்கெனவே மருத்துவரிடம் கேட்டுக்கொண்டவர் வாங்குவதானால் பெக்டினில் செய்ததை, ‘வேர்ச் சாறு’ என்று எழுதியதை, விதனோலைடு சதவீதமும் அதை எந்த முறையில் அளந்தார்கள் என்பதும் போட்டதை மட்டும் வாங்குங்கள். எடையை வைத்து அளக்கும் பழைய முறை எண்ணை ஊதிக் காட்டும். சாற்றிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி முறையில் அளந்தது நம்பகமானது.

செய்பவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. அறுபதையும் ஒரே டப்பாவில் கொட்டாமல், மாத்திரை போல அட்டையில் ஒவ்வொன்றாக அடைத்துக் கொடுங்கள். வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டாது. அட்டையின் முதுகில் தைராய்டு, கர்ப்பம், கல்லீரல் என்ற மூன்று சொற்களைத் தமிழில், படிக்கும் அளவில் அச்சிட இடமும் கிடைக்கும். நான்கு வயதுக் கை ஒரு கம்மியைப் பிதுக்கி எடுப்பதற்குள் வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்கள்.