சித்தப்பிரசாதரின் ஓவியமும் அதன் விலையும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய லிங்கநகர் போன்ற ஊர்களின் முதியோர் வாய்மொழியில் நெடுங்காலம் நின்று நிலவிய நாட்களுள் ஒன்று 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 9ஆந் திகதியாகும். அன்று காலை யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. சீனன்குடாவில் எண்ணெய்க் குதம் ஒன்று தீப்பற்றி எரிந்தது. அதற்கு முந்திய மாதத்திலே இரங்கூன் வீழ்ந்தமையால் பர்மாவிலிருந்து வந்த அரிசி நின்றது. இலங்கையில் அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது. இத்துன்பம் நம் கரையில் நெருக்கடியாய் நின்றது. இதே கடலின் வடகரையாகிய வங்காளத்திலோ பெரும் பஞ்சமாய் முற்றியது. அப்பஞ்சத்தைத் தம் கையால் வரைந்த ஓவியர் சித்தப்பிரசாதர். அவரது ஓவியத்தின் தகுதி யாது என்பதும், பிறர் துயரை வரைந்து அதனை விற்பது தகுமோ என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

இவ்வினா புதியதன்று. அரசியலைப் பொருளாகக் கொண்ட ஓவியத்தை இரு திறத்தார் இகழ்வர். ஒரு சாரார், அது பிரசாரமேயன்றிக் கலையன்று என்பர். மற்றொரு சாரார், அது கலையேயாயினும் பசித்தவனின் முகத்தைக் காசாக்குவது அறமன்று என்பர். இவ்விரு கூற்றையும் பொதுவாக வைத்து வாதிடுதலிற் பயன் இல்லை. ஓர் ஓவியரின் வாழ்வையும் ஆக்கத்தையும் உரைகல்லாகக் கொண்டு தேய்த்துப் பார்த்தலே முறையாகும்.

முதலிற் பஞ்சத்தின் காரணங்களை அறிதல் வேண்டும். பகைவர் கடல்வழியே வந்திறங்குவர் என அஞ்சிய பிரித்தானிய ஆட்சியினர் 1942ஆம் ஆண்டில் வங்காளக் கரையோர மாவட்டங்களிலிருந்து பத்துப் பேருக்கு மேல் ஏறத்தக்க படகுகளை அகற்றினர். மிகையான நெல்லையும் அப்புறப்படுத்தினர். ஆறும் கழியும் சூழ்ந்த நாட்டிற் படகை இழந்தவன் வலையையும் வயலையும் சந்தையையும் ஒருங்கே இழந்தவனாவான். வள்ளம் இல்லாத மீனவன் நிலையைக் கொட்டியாபுரக் குடாவின் கரைகளில் வாழ்வோர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அவ்வாண்டு ஒக்டோபர் 16ஆந் திகதி வீசிய சூறாவளியும் கடற்பெருக்கும் மிதினாபூர் மாவட்டத்தை அழித்தன. போர்ச் செலவினாற் பணம் பெருகி, அரிசி விலை உழைப்பாளியின் கூலிக்கு எட்டாத உயரத்துக்கு ஏறியது. பஞ்சத்தால் மாண்டோர் 15 இலட்சம் என 1945ஆம் ஆண்டின் அரச விசாரணைக் குழு கணித்தது. பிற்கால ஆய்வாளர் பலர் அத்தொகை 30 இலட்சத்தை அணுகும் என்பர். ஆகவே இது வானம் பொய்த்ததனால் மட்டும் வந்ததன்று. மனிதர் செய்த முடிவுகளால் விளைந்தது. ஆதலின் இப்பஞ்சத்தை உள்ளவாறு வரையப் புகும் எவரும், விரும்பினும் விரும்பாவிடினும், அரசியல் ஓவியரே ஆவர்.

சித்தப்பிரசாதர் 1915ஆம் ஆண்டில் வங்காளத்திலே நைகாத்தியிற் பிறந்தவர். சிட்டகொங் நகரிற் கல்வி கற்றவர். ஓவியக் கல்லூரி எதிலும் முறையாகப் பயின்று பட்டம் பெற்றாரல்லர். தாமே முயன்று கைவரப் பெற்றவர். சாதியைக் காட்டும் பட்டாச்சாரிய என்னும் குலப்பெயரை நீக்கிச் சித்தப்பிரசாத் என்னும் ஒரு பெயரே தமக்குப் போதுமென வாழ்ந்தார். பொதுவுடைமைக் கட்சியில் இணைந்து, அதன் இதழ்களுக்காக வரைந்தார். 1943ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மிதினாபூர் மாவட்டத்துக்குச் சென்று ஊர் ஊராகத் திரிந்து, கண்டதைக் கறுப்பு மையினால் வரைந்ததோடு, கேட்டதை உரைநடையிலும் எழுதினார். இவ்விரண்டும் சேர்ந்து ‘பசித்த வங்காளம்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் சிறு நூலாக வெளிவந்தன. ஆட்சியினர் அதன் 5000 படிகளையும் பறித்து அழித்தனர் என்பது வரலாறு. குடும்பத்தாரிடம் எஞ்சிய ஒரு படியைக் கொண்டே 2011ஆம் ஆண்டில் தில்லி ஓவியக் கூடம் ஒன்று அதனை மறுபடி அச்சிட்டு வெளியிட்டது.

இந்நூலிலுள்ள படங்களின் தனிச்சிறப்பை அறிதற்கு, அதே பஞ்சத்தை வரைந்த சைனுல் ஆபிதீனின் படங்களோடு அவற்றை ஒப்பிடுதல் நன்று. கல்கத்தா வீதிகளில் ஆபிதீன் மலிந்த தாளிற் கருமையால் இட்ட சில கோடுகளே வற்றிய தாயும் வாடிய சேயும் அருகே காத்திருக்கும் காக்கையுமாகி நிற்கின்றன. அவை பெயரற்றவை. பெயரற்றமையினாலேயே பசி என்னும் பிணி எக்காலத்துக்கும் உரியதாய் அங்கே உருப்பெறுகின்றது. பசியைப் பிணியென்றும் பாவியென்றும் பேசிய மணிமேகலையின் மரபில் வந்த தமிழ் வாசகருக்கு அவ்வகை ஓவியம் எளிதில் விளங்கும்.

சித்தப்பிரசாதரோ வேறு வழிச் சென்றார். தாம் வரைந்தவர்களின் பெயரையும் ஊரையும் அவர் படத்தோடு சேர்த்து எழுதினார். இறந்து கிடந்த ஒருவரை வரைந்தபொழுதும், அவர் க்ஷேத்திரமோகன் நாயக் என்னும் பெயருடையவர் என்பதைப் பொறித்துவைத்தார். இச்செயலின் பெருமை சிறிதன்று. பஞ்சத்தின் முதற் கொடுமை மனிதனை எண்ணாக்குதல். பிணங்களை எண்ணுவார் உளர், பெயர் கேட்பார் இலர். அந்நிலையிற் பெயரை எழுதிய ஓவியர் சான்றுரைப்பவராகின்றார். உன் நாட்டின் இன்ன ஊரிலே இன்னார் இவ்வாறு மாண்டார் என்று ஆட்சியின் முகத்தெதிரே கூறும் கூற்று அது. அழகிய படம் என்று சொல்லி அதனைக் கடந்து போதல் இயலாது. நூல் அழிக்கப்பட்டமைக்கும் இதுவே காரணம் எனலாம். பொதுவான துயரத்தைக் கண்டு எந்த ஆட்சியும் அஞ்சுவதில்லை. முகவரியுள்ள துயரத்துக்கே அஞ்சும்.

இதனால் அவர் படைத்தனவெல்லாம் ஒருதரத்தன என்று கொள்ளுதல் பிழையாகும். கட்சியின் தேவைக்காக வரைந்த சுவரொட்டிப் படங்கள் பலவற்றில் உயர்த்திய கைகளும் திரண்ட கூட்டமும் திரும்பத் திரும்ப வருகின்றன. 1950களில் உலக சமாதான இயக்கத்துக்காகச் செய்த படங்களில் வரும் புறாவும் தாயும் சேயும் எந்நாட்டாரும் எவரும் வரையத்தக்கனவாய், ஊரும் பேரும் அற்றனவாய் உள்ளன. மிதினாபூரில் அவரை உயர்த்திய குணம் யாதோ அது ஈண்டு இல்லை. அரசியல் ஓவியம் கலையன்று என்போர் இத்தகைய படங்களையே கருத்திற் கொண்டனர்போலும். ஆனால் அப்படங்கள் தளர்வது அரசியலைப் பேசுவதனால் அன்று. அரசியலைப் பொதுப்படையாகப் பேசுவதனாலேயாம். காணாததை வரையும்பொழுது அவர் கோடு தளர்கின்றது. கண்டதை வரையும்பொழுது நிமிர்கின்றது.

இனி விலையைப் பற்றிய வினாவுக்கு வருவோம். சித்தப்பிரசாதர் பிற்காலத்திற் பெரிதும் கையாண்டது லினோச் செதுக்கு முறையாகும். லினோலியம் என்பது ஆளிவிதை எண்ணெயும் தக்கைத்தூளும் கலந்து செய்யும் தரைவிரிப்பு. அதன் துண்டொன்றிற் சிற்றுளியாற் செதுக்கி, மேற்பரப்பில் மை உருட்டித் தாளை வைத்துத் தேய்த்தால், செதுக்கிய இடம் வெண்மையாகவும் செதுக்காத இடம் கருமையாகவும் பதியும். யந்திரம் வேண்டா, பெரும் பொருளும் வேண்டா, அறை ஒன்றும் கை இரண்டும் போதும். ஒரே தகட்டிலிருந்து பல படிகள் எடுக்கலாம். பலவாதலின் ஒவ்வொன்றின் விலையும் குறையும். எண்ணெய் வண்ணச் சீலை ஒருவர் மாளிகைக்கே உரியதாகும். அச்சுப்படமோ பலருடைய சுவரைச் சேரும். 1894ஆம் ஆண்டில் ரவிவர்மா பம்பாய்க்கு அணித்தே அச்சகம் நிறுவித் தெய்வப் படங்களை வீடுதோறும் புகுத்தியதும் இவ்வழியாலன்றோ? இலக்குமியும் சரசுவதியும் புகுந்த வழியிற் பசித்த பிள்ளையும் புகுதல் வேண்டும் எனச் சித்தப்பிரசாதர் கருதினார் என்று கொள்ளின் தவறாகாது. ஆகவே அவரிடத்தில் விற்பனை என்பது ஓவியத்தின் கருத்துக்குப் பகையாய் நிற்கவில்லை. மலிந்த விலையே அக்கருத்தின் ஒரு கூறாயிற்று.

1940களின் இறுதியில் அவர் கட்சியிலிருந்து விலகினார். எனினும் ஏழை எளியோரை விட்டு விலகினாரல்லர். பம்பாயின் புறத்தே அந்தேரியில் எளிய இருப்பிடத்திலே வறுமையோடு வாழ்ந்து, செதுக்குப் படங்களாலும் நூற் சித்திரங்களாலும் காலங் கழித்தார். அயலிலுள்ள பிள்ளைகளுக்காகப் பாவைக்கூத்தும் அமைத்தார். செருப்புத் துடைத்தும் சுமை சுமந்தும் வயிறு வளர்க்கும் சிறுவரை வைத்து அவர் செதுக்கிய படத்தொகுதி, தேவதைக் கதை கேளாச் சிறுவர் என்னும் கருத்தமைந்த பெயருடன் 1969ஆம் ஆண்டில் டென்மார்க்கிலுள்ள யுனிசெப் குழுவினால் வெளியிடப்பட்டது. 1978ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

கட்சியின் நிழலும் அரசின் நிழலும் செல்வரின் நிழலும் இன்றி நின்ற இவ்வாழ்வை எண்ணும்பொழுது, பெருஞ்சித்திரனார் நினைவுக்கு வருகின்றார். அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரிற் காணாது கொடுத்தனுப்பிய பரிசிலை அப்புலவர் ஏற்க மறுத்தார் என்பதைப் புறநானூறு கற்றோர் அறிவர். அவர் பரிசில் வாழ்வினர். பொருள் பெறுதலை இழிவென்று கருதியவரல்லர். தம் தகுதியை அறியாது எறியப்படும் பொருளையே வெறுத்தார். கலைஞன் பொருள் பெறுதல் வேறு, பொருளுக்கு அடங்குதல் வேறு என்னும் தெளிவு தமிழர்க்குப் பழையது. சித்தப்பிரசாதர் படத்தை விற்றார். எதை வரைவது என்னும் உரிமையை விற்றாரல்லர். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள கோடு மெல்லியதேயாயினும் அறம் அக்கோட்டின்மேலேயே நிற்கின்றது. அக்கோட்டைக் காத்தமைக்கு அவர் கொடுத்த விலை வறுமை. சுதந்திரக் கலைஞரைப் புகழ்வோர் இதனை மறத்தலாகாது. அவரைப் பட்டினியில் விட்டுப் பின் போற்றும் சமுதாயம் தானும் குற்றத்திற் பங்குடையது.

இன்று அவர் படங்கள் ஏல மண்டபங்களில் விலை பேசப்படுகின்றன. பலர் சுவருக்கென மலிவாய்ச் செய்யப்பட்டது சிலர் பேழைக்கென அரியதாயிற்று. இது ஓவியரின் குற்றமன்று. ஆயினும் படத்தை வாங்குவோர் அதிலுள்ள பெயரையும் வாசித்தல் வேண்டும். வாசியாது வாங்குவோரே பசித்தவன் முகத்தைக் காசாக்குபவர் என்க. இரண்டாஞ் சாராரின் பழி விற்றவரை விட்டு அவர்களையே சாரும்.

இந்நெறி நம் நாட்டிற்கும் அயலானதன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியக்கலை கற்பித்த தா. சனாதனன், போரினால் இடம்பெயர்ந்தோர் 80 பேரின் இழந்த வீடுகளைக் குறித்து 2011ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடாகிய தோம்பின் பெயரை அது தாங்கியுள்ளது. இழந்தவர் நினைவிலிருந்து வரைந்த வீட்டுப் படமும், அதனை அளவொழுங்காக்கிய கட்டடப் படமும், ஓவியரின் சித்திரமும் அதில் அடுத்தடுத்து நிற்கின்றன. சனாதனன் ஆசிரியப் பணியால் வாழ்ந்தவர். சித்தப்பிரசாதருக்கு அத்தகைய ஆதாரம் இருந்ததில்லை. எனினும் இருவரும் ஒரு முடிவிற் கூடினர். தனிச்சுவருக்குரிய படத்தைவிடப் பலர் கைக்குச் செல்லும் நூலே இத்தகைய பொருளுக்கு ஏற்றது என்பதும், துயரத்தைப் பொதுவாக்காது இன்னார் வீடு, இன்னார் உடல் எனச் சுட்டுதலே ஓவியத்துக்கு வலிமை என்பதும் அம்முடிவாகும்.

தொகுத்து நோக்கின், சித்தப்பிரசாதரின் மிதினாபூர்ப் படங்களும் சிறுவர் செதுக்குகளும் நிலைபெறும். சமாதானச் சுவரொட்டிகள் காலத்தோடு மங்கும். அரசியல் கலைக்குப் பகையன்று. கண்டறியாத அரசியலே பகை. விற்பனையும் பகையன்று, வரைவதைத் தீர்மானிக்கும் விற்பனையே பகை. சீனன்குடாக் குதங்களின் கதையைத் துறைமுகக் கரையில் இன்றும் சொல்வோர் உளர். அன்று அங்கே மாண்ட தொழிலாளரின் பெயரை அறிந்து சொல்வோர் எத்தனை பேர்? ஐந்து ஆயிரம் படிகள் எரிந்த பின்னரும் மிதினாபூரின் ஒருவர் பெயர் அழியாது நிற்கின்றது. ஓவியர் ஒருவர் அதனைக் கேட்டு எழுதிவைத்தார், ஆதலினாலே நின்றது.