திறந்த அணுக்கத்தின் மூவழிகள் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஆய்வுக் கட்டுரைகளை எவரும் கட்டணமின்றிப் படிக்கவும் பயன்கொள்ளவும் இயலும் நிலை திறந்த அணுக்கம் எனப்படும். 2002 பிப்ரவரியில் வெளியான புடாபெஸ்ட் அறிக்கை இதற்கு இரு வழிகளை முன்வைத்தது. ஆசிரியரே தம் கட்டுரையைப் பொதுக் களஞ்சியத்தில் இடுவது ஒன்று. இதழே திறந்த நிலையில் வெளிவருவது மற்றொன்று. இவை முறையே பசுமை வழி, பொன் வழி எனப் பின்னர்ப் பெயர் பெற்றன. எழுதுவோரிடமும் கட்டணம் பெறாத இதழ்முறை வைர வழி எனப் பிரித்துணரப்பட்டது. படிப்போர்க்கு மூன்றும் ஒரே பயனைத் தரினும், வெளியீட்டுச் செலவை யார்மேல் ஏற்றுகின்றன என்பதில் வேறுபடுகின்றன. அவ்வேறுபாட்டை அளவுகோலாகக் கொண்டு இவற்றை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொன் வழி

2003இல் தொடங்கப்பெற்ற 'பிளாஸ் பயாலஜி' இதழ் ஒரு கட்டுரைக்கு 1,500 டாலர் கட்டணம் விதித்தது. உயிரியல், மருத்துவத் துறைகளில் இத்தொகையை ஆய்வு நல்கையிலிருந்து செலுத்த இயன்றதால் இம்முறை அங்கு வேரூன்றியது. 2020இல் 'நேச்சர்' அறிவித்த கட்டணமோ 9,500 யூரோ ஆகும். பெரும்பாலும் நல்கையின்றி நூலகங்களையும் சுவடிகளையும் நம்பி ஆயும் இலக்கிய ஆய்வாளர்க்கு இவ்வழி எட்டாதது. படிப்போர்முன் இருந்த தடை எழுதுவோர்முன் நகர்த்தப்பட்டுள்ளது. கட்டணமே வருவாயான நிலையில், முறையான மதிப்பீடின்றி எதனையும் வெளியிடும் போலி இதழ்கள் பெருகவும் இம்முறை இடமளித்தது.

பசுமை வழி

1991இல் பால் கின்ஸ்பார்க் தொடங்கிய 'ஆர்க்சைவ்' இவ்வழிக்கு முன்னோடி. இந்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014இல் வகுத்த கொள்கை இவ்வழியையே மேற்கொண்டது. ஆய்வேடுகளைப் பொறுத்தவரை 'சோத்கங்கா' களஞ்சியம் தமிழ் ஆய்வேடுகளையும் பொதுவில் வைத்துள்ளது. செலவு குறைவு என்பது இவ்வழியின் சிறப்பு. எனினும், களஞ்சியத்தில் இடப்படுவது பல வேளைகளில் அச்சுக்கு முந்தைய படியாதலின், பக்க எண் சுட்டி மேற்கோள் காட்டுவோர்க்கு இடர்ப்பாடு நேர்கிறது. பதிப்பகங்கள் விதிக்கும் காலத்தடையும் உண்டு.

வைர வழி

பிரேசிலில் 1998இல் செயற்படத் தொடங்கிய 'சைலோ' பொது நிதியின் துணையால் போர்த்துகீசிய, ஸ்பானிய மொழி ஆய்விதழ்களைப் பரவலாக்கியது. ஆங்கிலம் சாராத ஆய்வுலகிற்கு இது தக்க சான்று. ஆயினும், கட்டணமின்மை செலவின்மை ஆகாது. மெய்ப்புத் திருத்தம், கணினிப் பராமரிப்பு ஆகியவற்றிற்கு நிலையான நிதி வேண்டும். அது நின்றால் இதழும் நிற்கும்.

இந்தியச் சூழல்

2024 நவம்பரில் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்திற்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு இது கிடைக்கச் செய்கிறது. இது பெரும் உதவியே. ஆயின் திறந்த அணுக்கம் அன்று. பிறர் எழுதியதைப் படிக்க வழி செய்யும் இத்திட்டம், தமிழில் எழுதப்படுவதைப் பிறர் படிக்க வழி செய்வதில்லை.

முடிவுரை

துறை ஆசிரியர்களின் ஊதியமில்லா உழைப்பாலும் பல்கலைக்கழக நிதியாலும் வெளிவரும் தமிழாய்விதழ்கள் இயல்பிலேயே வைர வழிக்கு நெருக்கமானவை. அவற்றுக்குச் செலவு முன்னரே செய்யப்பட்டுவிட்டது. பயன் மட்டும் நூலக அடுக்குகளில் முடங்கியுள்ளது. கட்டுரையாளர் இசைவு பெற்றுப் பழைய தொகுதிகளைப் பக்க எண் மாறாமல் களஞ்சியத்தில் இடுவதும், பயன்பாட்டுரிமையை ஒவ்வோர் இதழிலும் தெளிவாக அச்சிடுவதும் உடனடித் தேவைகளாகும். பொன் வழியைப் பின்பற்றி எழுதுவோரிடம் கட்டணம் பெற முற்படுவது, தமிழாய்வைப் பொருள் உடையோர்க்கே உரியதாக்கிவிடும்.